றேடியேற்றருக்குள் கிணற்றுத் தண்ணீர்: காரின் வெப்பம் ஆற்றும் முறை பற்றிய எளிய விளக்கம்

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகும் வீதியிலோ, பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்புக்குப் போகும் வீதியிலோ, வெயில் காலத்து நண்பகலில் பொனற்றைத் திறந்துவிட்டு நீராவிக்கு ஒதுங்கி நிற்கும் ஒரு குடும்பத்தைக் காணாத சாரதி வன்னியில் இருக்க மாட்டார். அப்படி நிற்பவரைக் கடந்து நம் ஊரில் யாரும் பேசாமல் போவதில்லை. மோட்டார் சைக்கிளில் வருபவர் நிறுத்துவார். உழவு இயந்திரத்தில் வருபவர் இறங்கி வருவார். அயல் வீட்டிலிருந்து ஒரு வாளி தண்ணீர் வந்துவிடும். தண்ணீரோடு அறிவுரையும் வரும். "தண்ணி குறைஞ்சு போச்சு தம்பி, நிரப்பிப்போட்டு எடுங்கோ" என்பார் ஒருவர். "உள்ளுக்க ஒரு வால்வு இருக்கு, அதைக் கழட்டி எறிஞ்சா இந்தப் பிரச்சினையே வராது" என்பார் இன்னொருவர். "கூலன்ற் எல்லாம் பனி கொட்டுற நாட்டுக்கு. எங்கட வெயிலுக்கு நல்ல கிணத்துத் தண்ணி போதும்" என்பார் மூன்றாமவர்; கூலன்ற் என்று அவர் சொல்வது, எஞ்சினின் வெப்பத்தை ஆற்றவென்று போத்தலில் விற்கும் திரவத்தை.

மூவரும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் முதல் அறிவுரை பாதிதான் சரி. மற்ற இரண்டும் பிழை. அவை ஏன் பிழை என்பதை, காரின் பொனற்றை இதுவரை திறந்தே பார்க்காதவருக்கும் விளங்கும்படி சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம். ஒயில் மாற்றுவதையும் ரயருக்குக் காற்றுப் பார்ப்பதையும் நம்மில் பலர் ஒழுங்காகவே செய்கிறோம். எஞ்சினின் வெப்பத்தை ஆற்றும் முறையை மட்டும், அது கொதித்து வீதியில் நிறுத்தும் வரை யாரும் நினைப்பதில்லை.

எஞ்சினுக்குள் எரியும் அடுப்பு

காருக்கு ஊற்றும் பெற்றோலில் உள்ள சக்தி முழுவதும் சில்லுகளைச் சுழற்றுவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, பல கார்களில் அதைவிடவும் குறைவான பங்கு மட்டுமே ஓட்டமாக மாறுகிறது. இன்னொரு மூன்றில் ஒரு பங்கு புகையோடு சைலன்சர் வழியே போய்விடுகிறது. மீதியெல்லாம் எஞ்சினின் உலோகத்துக்குள் வெப்பமாக இறங்குகிறது. எரிபொருள் பற்றும் அந்தக் கணத்தில் உள்ளே இருக்கும் வாயுவின் வெப்பநிலை 2,000 பாகை செல்சியஸைத் தாண்டும். இன்றைய எஞ்சின்களில் பெரும்பாலானவற்றின் மேற்பகுதி அலுமினியத்தால் ஆனது. அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடும்.

அப்படியானால் எஞ்சின் ஏன் உருகுவதில்லை? குசினியில் இதற்கு விடை இருக்கிறது. விறகடுப்பின் சுவாலை எவ்வளவு வெக்கையாக எரிந்தாலும், தண்ணீர் இருக்கும்வரை அலுமினியச் சட்டிக்கு எதுவும் ஆவதில்லை. உலோகத்துக்குள் வரும் வெப்பத்தைத் தண்ணீர் உடனுக்குடன் வாங்கிக்கொள்வதால் சட்டியின் அடிப்பகுதி ஒரு அளவுக்கு மேல் சூடேற முடியாது. தண்ணீர் வற்றியதும் கதை மாறுகிறது: சட்டி கறுத்து, அடி நெளிந்து, சில வேளைகளில் ஓட்டையும் ஆகிவிடுகிறது. எஞ்சினுக்குள்ளும் நடப்பது இதுதான். எரியறைகளைச் சுற்றி, உலோகத்துக்குள்ளேயே நீர் ஓடும் வழிகள் வார்க்கப்பட்டிருக்கின்றன. அந்த வழிகளில் ஓடும் நீரே எஞ்சினைக் காக்கிறது.

குளத்திலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து குளத்துக்கும்

சட்டியிலுள்ள தண்ணீர் ஓரிடத்தில் நிற்கிறது; அதனால் கொதிக்கிறது. காருக்குள் இருப்பது ஏறக்குறைய 3 முதல் 6 லீற்றர் தண்ணீர்தான். அது ஓரிடத்தில் நின்றால் சில நிமிடங்களிலேயே கொதித்துவிடும். ஆகவே அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இரணைமடுக் குளத்திலிருந்து வாய்க்கால் வழியே வரும் தண்ணீர் கிளை வாய்க்கால்களாகப் பிரிந்து வயல்களுக்குப் பரவுவதை எண்ணிப் பாருங்கள். எஞ்சினிலிருந்து ஒரு தடித்த இறப்பர்க் குழாய் சூடான நீரைக் காரின் முன்புறத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கே, முன் வலைக்குப் பின்னால், ஒரு பெரிய சட்டம்போல நிற்பதே றேடியேற்றர். அதற்குள் நீர் பல மெல்லிய குழாய்களாகப் பிரிந்து ஓடுகிறது. குழாய்களுக்கு இடையே காகிதம்போன்ற உலோகத் தகடுகள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றினூடாகக் காற்று புகுந்து வெளியேறும்போது நீரின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆறிய நீர் இன்னொரு குழாய் வழியாக எஞ்சினுக்குத் திரும்புகிறது. இந்தச் சுற்றைத் தள்ளிக்கொண்டே இருப்பது நீர்ப்பம்பி. வயலுக்குப் போன தண்ணீர் குளத்துக்குத் திரும்பாது. காரில் அதே தண்ணீரே மீண்டும் மீண்டும் சுற்றிவருகிறது என்பதுதான் வேறுபாடு.

தண்ணீர் வெப்பத்தை அழிப்பதில்லை, சுமந்து செல்லும் வேலையை மட்டுமே செய்கிறது. வெப்பம் உண்மையில் போய்ச்சேரும் இடம் வெளியிலுள்ள காற்று. அந்தக் காற்று எவ்வளவு குளிராக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக வெப்பம் இறங்கும். றேடியேற்றரிலுள்ள நீர் 95 பாகை என்று வைத்துக்கொள்வோம். வெளியே 15 பாகையாக உள்ள நாட்டில் இடைவெளி 80 பாகை. வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ வெயில் 35 பாகையைத் தொடும் நாளில் அது 60 பாகை மட்டுமே. தாரின் மேல் தகிக்கும் காற்றும், றேடியேற்றருக்கு முன்னால் இருந்து தன் வெப்பத்தையும் அதன்மேல் ஊதும் ஏசியின் தட்டும் சேர்ந்தால் இடைவெளி இன்னும் குறையும். ஆகவே, வெப்பம் ஆற்றும் முறையைக் குளிர் நாட்டவரைவிட நாமே கூடுதல் கவனத்தோடு பேண வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னதைத் திரட்டினால்: எஞ்சினுக்குள் வரும் வெப்பத்தை நீர் சுமந்து வந்து றேடியேற்றரில் காற்றிடம் கொடுக்கிறது. நீர் குறைந்தாலும், ஓட்டம் தடைப்பட்டாலும், காற்றுப் புகாவிட்டாலும் முடிவு ஒன்றுதான்.

துருசைக் கழற்றி எறிந்தால்

இனி, அந்த "உள்ளுக்க இருக்கிற வால்வு". அதன் பெயர் தேர்மோஸ்ரற். எஞ்சினுக்கும் றேடியேற்றருக்கும் இடையிலுள்ள பாதையில் இருக்கும் ஒரு சிறு கதவு அது. அதற்குள் ஒரு வகை மெழுகு அடைக்கப்பட்டிருக்கிறது. நீர் குறித்த வெப்பநிலையை அடையும்போது மெழுகு உருகி விரிந்து கதவைத் தள்ளித் திறக்கிறது. நீர் ஆறினால் மெழுகு சுருங்க, வில்லு கதவை மூடிவிடுகிறது. மின்சாரமோ கணினியோ இதற்குத் தேவையில்லை. எந்த வெப்பநிலையில் திறக்கத் தொடங்கும் என்பதை அதன் உடலிலேயே 82, 88 என்பதுபோல எண்ணாகப் பொறித்திருப்பார்கள்.

குளத்தின் துருசைப் போன்றது இது. துருசு தண்ணீரை மறிப்பதற்காக வைக்கப்பட்ட தடை என்று எந்த விவசாயியும் சொல்வதில்லை. எப்போது, எவ்வளவு விடுவது என்பதை ஆள்வதற்காகவே அது இருக்கிறது. தேர்மோஸ்ரற்றும் அப்படித்தான். "குளிரூட்டும் முறை" என்று நாம் சொல்லிப் பழகிய பெயரே நம்மைத் தவறாக எண்ண வைக்கிறது என்று நினைக்கிறேன். எஞ்சினைக் குளிராக வைத்திருப்பது இந்த முறையின் வேலையன்று. பெரும்பாலான கார்களில் 90 பாகையை ஒட்டிய ஒரு சூட்டில், ஏறாமலும் இறங்காமலும் வைத்திருப்பதே அதன் வேலை.

எஞ்சினுக்கு அந்தச் சூடு ஏன் தேவை? உலோகம் சூட்டில் விரியும். எஞ்சினின் பாகங்களுக்கு இடையிலுள்ள நூலிழை இடைவெளிகள் எல்லாம், அவை விரிந்து நிற்கும் நிலையை எண்ணியே அளவிடப்பட்டவை. குளிர்ந்த எஞ்சினில் பெற்றோல் சரியாக ஆவியாவதில்லை. அதை ஈடுசெய்ய இன்றைய கார்களின் கணினி, எஞ்சின் சூடேறும்வரை கூடுதல் பெற்றோலை விடுகிறது. எரிதலில் உண்டாகும் நீராவியில் ஒரு பகுதி ஒயிலுக்குள் இறங்கும். எஞ்சின் போதிய சூட்டில் இருந்தால் அது ஆவியாகிப் போய்விடும். இல்லாவிட்டால் ஒயிலோடு கலந்து, அதைச் சேறுபோல ஆக்கும். எப்போதும் அரைச் சூட்டில் ஓடும் எஞ்சின் கூடுதலாகக் குடிக்கும், விரைவாகத் தேயும்.

இன்னொரு செய்தி பலருக்கும் வியப்பாக இருக்கும். சில எஞ்சின்களில் தேர்மோஸ்ரற்றுக்கு இரண்டு கதவுகள் உண்டு. எஞ்சின் குளிராக உள்ளபோது நீர் றேடியேற்றருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவருவதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கும். தேர்மோஸ்ரற் முழுதாகத் திறக்கும்போது, அதன் மறுமுனையிலுள்ள தட்டு அந்தக் குறுக்கு வழியை அடைத்துவிடும். அதன்பின்பே நீர் முழுவதும் றேடியேற்றருக்குப் போகும். அத்தகைய எஞ்சினில் தேர்மோஸ்ரற்றைக் கழற்றிவிட்டால் குறுக்கு வழி எந்நேரமும் திறந்தே கிடக்கும். சூடான நீரில் ஒரு பகுதி றேடியேற்றர் பக்கமே போகாமல் திரும்பிவிடும். வெப்பத்தைக் குறைக்கவென்று செய்த வேலை, வெயிலில் ஏற்றத்தில் சுமையோடு போகும்போது வெப்பத்தைக் கூட்டிவிடும்.

எனது காரில் இது நடந்திருக்கிறது. கொதித்து நின்ற காரை ஒரு கராஜில் விட்டபோது, தேர்மோஸ்ரற்றை எடுத்துவிட்டுத் தந்தார்கள். சூடு காட்டும் முள் எப்போதும் கீழேயே நின்றதால் எனக்கும் நிம்மதியாகவே இருந்தது. அந்த ஆண்டு முழுவதும் பெற்றோல் கூடுதலாகப் போனது. ஒயில் சீக்கிரமே கறுத்துத் தடித்தது. றேடியேற்றரின் குழாய்கள் பாதிக்கு மேல் அடைபட்டிருந்ததே உண்மையான கோளாறு. அதை யாரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த சித்திரையில், ஐந்து பேரோடும் பொதிகளோடும் போன ஒரு நண்பகலில், எஞ்சினின் மேற்பகுதியான ஹெட் நெளிந்துபோனது. முள் கீழே நின்ற அந்த நிம்மதிதான் எனக்கு மிகவும் விலை கூடிப்போன நிம்மதி.

தேர்மோஸ்ரற் பழுதாவதும் உண்டு. மூடியபடியே இறுகிவிட்டால் கார் கொதிக்கும். அப்போது செய்ய வேண்டியது, அதே எண் பொறித்த புதியதைப் போடுவது. அது விலை குறைந்த சாமான்.

மூடியின் வேலை

தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும் என்று படித்திருக்கிறோம். அது திறந்த பாத்திரத்துக்குப் பொருந்தும். பிறஷர் குக்கரில் பருப்பு விரைவாக அவிவது, உள்ளே அமுக்கம் கூடும்போது தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருப்பதால்தான். றேடியேற்றர் மூடி அந்தக் குக்கரின் விசில் செய்யும் வேலையைச் செய்கிறது. பல ஜப்பானிய கார்களின் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும். வெளியிலுள்ள வளிமண்டல அமுக்கத்துக்கு மேலாக, ஏறக்குறைய இன்னொரு வளிமண்டல அளவு அமுக்கத்தை அது தாங்கும் என்பது அதன் பொருள். அந்த அமுக்கத்தில் வெறும் தண்ணீர்கூட 120 பாகையை அண்டித்தான் கொதிக்கும்.

கொதித்த காரின் மூடியைத் திறக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. 110 பாகையில் அமுக்கத்தால் அடங்கியிருந்த நீர், மூடி திறந்த அந்த நொடியில் முழு வேகத்தில் கொதித்து, திறந்தவரின் முகத்திலும் கைகளிலும் வந்து விழும். துணியைப் பிடித்துத் திறந்தால் காயம் வராது என்று நம்பித் திறந்து வெந்து போனவர்கள் பலர்.

மூடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. சூட்டில் விரியும் நீரில் சிறிதளவை அது பக்கத்திலுள்ள றிசேவ் போத்தலுக்கு வெளியேற்றும். எஞ்சின் ஆறும்போது அதே நீரை மீண்டும் உள்ளே இழுக்கும். மூடியின் இறப்பர் வளையம் காய்ந்து வெடித்துவிட்டால் அமுக்கமும் நிற்காது, இழுத்தலும் நடக்காது. "எங்கும் ஒழுக்கில்லை, ஆனால் தண்ணி குறையுது" என்று வரும் முறைப்பாடுகளில் ஒரு பகுதி இந்தச் சிறு மூடியோடு முடிந்துவிடும்.

கேத்திலின் அடியில் படியும் கல்

வன்னியில் எந்த வீட்டுக் கேத்திலையும் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் வெள்ளையாகவோ மங்கிய மஞ்சளாகவோ ஒரு படலம் கல்லுப்போல இறுகியிருக்கும். அதை எப்படி எடுப்பது என்பது வீட்டுக்கு வீடு பேசப்படும் விடயம். அதே தண்ணீரைக் காருக்குள் ஊற்றும்போது மட்டும் அந்தக் கல்லை மறந்துவிடுகிறோம்.

நிலத்தடி நீர் பாறைகளினூடாக ஊறிவரும்போது கல்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. இந்த உப்புகள் கூடுதலாக உள்ள நீரை வன்னீர் என்று பாடசாலையில் படித்திருப்போம். சவர்க்காரம் நுரைக்காததே அதன் அடையாளம். குளிராக உள்ளவரை அந்த உப்புகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. சூடாக்கியதும் கல்சியத்தின் ஒரு பகுதி கரைய முடியாத சுண்ணாம்புக் கல்லாக மாறி, எந்த இடம் மிகவும் சூடாக இருக்கிறதோ அங்கேயே படிகிறது. காரில் மிகவும் சூடான இடம் எரியறைகளைச் சுற்றியுள்ள உலோகச் சுவர். வெப்பம் எங்கே விரைவாக வெளியேற வேண்டுமோ, சரியாக அந்த இடத்தில் வெப்பத்தை விடாத ஒரு கல்லுப் போர்வை போர்த்தப்படுகிறது. பிறகு அந்தக் கல் துண்டு துண்டாக உரிந்து, றேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள் போய் அடைக்கிறது. தூர்ந்துபோன வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாததுபோல, அடைபட்ட குழாய்களால் றேடியேற்றரின் ஒரு பாதி வேலை செய்யாமலே நிற்கும்.

முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரங்களில் பல கிணறுகளில் உவர்ப்பும் சேர்ந்திருக்கிறது. உப்பிலுள்ள குளோரைட் அலுமினியத்தை அரிக்கும். கடற்கரை வீட்டு அலுமினியப் பாத்திரங்களில் ஊசி குத்தியதுபோன்ற புள்ளிகள் விழுவதைக் கண்டிருப்பீர்கள். நீர்ப்பம்பியின் உடலிலும் றேடியேற்றரின் குழாயிலும் விழும் புள்ளி அப்படிப்பட்டதே.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மூடிய சுற்றுக்குள் ஒருமுறை ஊற்றிய கிணற்று நீரில் உள்ள சுண்ணாம்பு ஒருமுறை மட்டுமே படியும். அதன்பின் படிவதற்கு அதில் எதுவும் மிஞ்சாது. கெடுதி செய்வது திரும்பத் திரும்ப நிரப்புவதுதான். சிறிய ஒழுக்குள்ள காருக்குக் கிழமைக்கு ஒரு லீற்றர் கிணற்று நீர் ஊற்றுபவர், ஒவ்வொரு முறையும் புதிய சுண்ணாம்பை உள்ளே அனுப்புகிறார். நாள்தோறும் நிரப்பிக் கொதிக்கவைக்கும் கேத்திலுக்கு ஆவது அந்தக் காருக்கும் ஆகும். முதல் அறிவுரை பாதி சரி என்று சொன்னது இதனால்தான்: குறைந்தால் நிரப்பத்தான் வேண்டும், ஆனால் மூடிய சுற்றில் தண்ணீர் குறைவதே ஒரு நோயின் அறிகுறி. நிரப்பிக்கொண்டே ஓடுவது அந்த நோயை வளர்க்கும்.

கூலன்ற் என்பது என்ன

கூலன்ற் என்பது பெரும்பாலும் எதிலீன் கிளைகோல் என்ற திரவமும், துருவையும் அரிப்பையும் தடுக்கும் சில இரசாயனங்களும் சேர்ந்தது. சுத்தமான நீரோடு கலந்தே அது பயன்படும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ற் ஏறக்குறைய -37 பாகை வரை உறையாது. இந்தப் பண்பைக் கேட்டே "பனி நாட்டுச் சாமான்" என்ற பேச்சுப் பிறந்தது. உறையாமை நமக்குத் தேவையில்லை என்பது உண்மைதான். கூலன்றுக்கு வேறு இரண்டு பண்புகளும் உண்டு. அதன் கொதிநிலை வெறும் தண்ணீரைவிடச் சில பாகை கூடியது. அதைவிட முக்கியமாக, உலோகத்தின் மேல் ஒரு பாதுகாப்பை உண்டாக்கி அரிப்பைத் தடுக்கிறது, நீர்ப்பம்பியையும் காக்கிறது. நமக்கு வேண்டியவை இந்த இரண்டும். ஒரு பொருளின் மூன்று வேலைகளில் ஒன்று இங்கே தேவைப்படாததால் மற்ற இரண்டையும் வேண்டாம் என்று விடுவது சரியாகாது.

கூலன்ற் கூடினால் நல்லது என்று நினைத்து, நீர் கலக்காமல் தனியே ஊற்றுவதும் பிழை. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரே வலியது. கிளைகோல் அதைவிடக் குறைவாகவே சுமக்கும். போத்தலில் "கலந்தது" என்று குறிப்பிட்டிருந்தால் அப்படியே ஊற்றலாம். செறிவானது என்றால் அதில் சொன்ன விகிதத்தில், பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீரோடு கலக்க வேண்டும். வடித்த நீர் கிடைக்காதபோது, ஊரில் வடிகட்டி விற்கும் குடிநீரோ, மாரியில் கூரையை நன்றாகக் கழுவிவிட்ட மழைக்குப் பிறகு ஏந்திய மழைநீரோ கிணற்று நீரைவிட எவ்வளவோ மேல்.

நிறத்தைப் பார்த்து வகையை முடிவு செய்யக் கூடாது. பச்சை, சிவப்பு, இளஞ்சிவப்பு, நீலம் என்பவற்றுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி கிடையாது. பொருந்தாத இரண்டு வகைகள் கலந்தால் பாதுகாப்பு இரசாயனங்கள் தம் வேலையை இழக்கலாம். சிலவேளைகளில் கூழாகவும் திரளலாம். காரின் கைநூலில் சொன்ன வகையை வாங்குவதே சரி. அந்த இரசாயனங்கள் நாளடைவில் தீர்ந்துபோவதால் மாற்றும் காலமும் உண்டு. பழைய வகைகளுக்கு ஏறக்குறைய 2 ஆண்டுகள் அல்லது 40,000 கிலோமீற்றர். ரொயோட்டாவின் நீண்டகால இளஞ்சிவப்பு வகைக்கு முதல்முறை 160,000 கிலோமீற்றர், அதன்பின் ஒவ்வொரு 80,000 கிலோமீற்றர். பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களில் மின்சாரப் பகுதிக்கென்று இரண்டாவது ஒரு சுற்றும், அதற்கென்று தனிப் போத்தலும் இருக்கும். அதையும் பார்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. எதிலீன் கிளைகோல் நஞ்சு, ஆனால் இனிப்பானது. வடித்த பழைய கூலன்றை முற்றத்தில் விட்டால் நாயோ கன்றோ நக்கும். திறந்த போத்தல் குழந்தையின் கைக்கு எட்டும். அதை மூடிய கலனில் கராஜுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். கிணற்றடியில் ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

சுருங்கச் சொன்னால்: நீர் வெப்பத்தைச் சுமக்கிறது, கூலன்ற் அந்த நீர் ஓடும் பாதையைக் காக்கிறது. கிணற்று நீரால் சுமக்க முடியும், காக்க முடியாது.

பழைய பழக்கம் வந்த வழி

கிணற்று நீரும் வால்வைக் கழற்றுவதும் அறியாமையில் பிறந்த பழக்கங்கள் என்று நான் நினைக்கவில்லை. 1990களில், வன்னிக்கு எரிபொருள் வருவது தடுக்கப்பட்டிருந்த ஆண்டுகளில், சில துளி பெற்றோலில் எஞ்சினை உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. மொரிஸ் மைனரையும் ஒஸ்ரினையும், உதிரிப்பாகமே வராத காலத்தில் ஓடவைத்த கைகள் கெட்டிக்காரக் கைகள். அந்தக் கார்களின் எஞ்சின் அடியிலிருந்து முடிவரை வார்ப்பிரும்பு; றேடியேற்றர் செம்பும் பித்தளையும். அடைபட்டால் மேல்தட்டை ஈயம் இளக்கிக் கழற்றி, கம்பி விட்டுக் குத்தித் துப்புரவாக்கி, மறுபடி ஒட்டிவிடலாம். அந்த எஞ்சின் இரண்டு மூன்று முறை கொதித்தாலும் பொறுத்துக்கொள்ளும்.

இன்று நம் வீதிகளில் ஓடும் அல்ரோ, வகன் ஆர், அக்குவா போன்றவை வேறு பிறவிகள். றேடியேற்றர் மெல்லிய அலுமினியம். அதன் பக்கத் தாங்கிகள் பிளாஸ்ரிக். எஞ்சினின் ஹெட் அலுமினியம். அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். ஒருமுறை நன்றாகக் கொதித்தாலே ஹெட் நெளிந்து, அதற்கும் எஞ்சின் உடலுக்கும் இடையிலுள்ள ஹெட் கஸ்கற் என்ற மெல்லிய அடைப்பு எரிந்துபோகலாம். அப்போது கூலன்ற் ஒயிலுக்குள்ளும் எரியறைக்குள்ளும் இறங்கும். ஒயில் பால்தேநீர் நிறமாகும். இனிப்பு வாசத்தோடு வெள்ளைப் புகை வரும். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டுகளில் நம்மவர் பலர் பழைய காரையே பேணி ஓட்ட வேண்டியிருந்தது. இப்போதும் புதியதை எண்ணிப் பார்க்க முடியாத விலை. இருக்கும் எஞ்சினைக் காப்பதைவிட மலிவான வழி நமக்கு இல்லை.

காற்றுப் பக்கம்

தண்ணீர்ப் பக்கத்தைப் போலவே காற்றுப் பக்கமும் அடைபடும். கிறவல் வீதியின் செம்மண் தூசி, அறுவடைக் காலத்தில் வீதியோரம் காயும் நெல்லிலிருந்து பறக்கும் பதர், மாலையில் வந்து மோதும் பூச்சிகள் ஆகிய மூன்றும் சேர்ந்து ஏசித் தட்டுக்கும் றேடியேற்றருக்கும் இடையில் ஒரு மெத்தையாகவே படிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பெரும்போக அறுவடை முடிந்த பிறகு ஒருமுறையும், சிறுபோகத்துக்குப் பிறகு ஒருமுறையும், எஞ்சின் ஆறியிருக்கும்போது, எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவினால் போதும். சேர்விஸ் நிலையத்தில் உயர் அமுக்கக் குழாயைக் கிட்டப் பிடித்து அடிக்க விடாதீர்கள். மெல்லிய தகடுகள் மடிந்து, காற்றுப் புகும் வழியை நிரந்தரமாக அடைத்துவிடும்.

ஏ9 வீதியில் சீரான வேகத்தில் போகும்போது வீசும் காற்றே போதும். மின்விசிறிக்கு வேலை குறைவு. மெதுவாகப் போகும்போதும் நிற்கும்போதும் மின்விசிறிதான் எல்லாம். இதிலிருந்து ஒரு பயனுள்ள கணிப்பைப் பெறலாம். சந்தை நெரிசலில் சூடேறி, ஓடத் தொடங்கியதும் ஆறுமானால் பெரும்பாலும் மின்விசிறியில் கோளாறு. மெதுவாக ஓடும்போது சரியாக இருந்து, வேகமாக நெடுந்தூரம் ஓடும்போது சூடேறுமானால் பெரும்பாலும் நீரோட்டத்தில் அடைப்பு. கராஜில் இதைத் தெளிவாகச் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

காலையில் பார்க்க வேண்டியவை

எஞ்சின் முற்றாக ஆறியுள்ள காலை வேளையில், கிழமைக்கு ஒருமுறை பொனற்றைத் திறந்து றிசேவ் போத்தலைப் பாருங்கள். நீர்மட்டம் இரண்டு கோடுகளுக்கும் இடையில் இருக்க வேண்டும். அங்கு இருந்தால் மட்டும் போதாது. மாதத்துக்கு ஒருமுறை, ஆறிய எஞ்சினில், றேடியேற்றர் மூடியையும் திறந்து உள்ளே விளிம்புவரை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் மூடி பழுதானால் போத்தல் நிரம்பியும் றேடியேற்றர் வற்றியும் இருக்கலாம். நிறம் துருப்பிடித்த கபிலமாக மாறியிருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. இறப்பர்க் குழாய்களை விரலால் அழுத்திப் பாருங்கள். கல்லாக இறுகியதும் பஞ்சாக ஊதியதும் மாற்ற வேண்டியவை.

காரின் கீழே ஈரம் கண்டால் பதறத் தேவையில்லை. ஏசி ஓடிய காரிலிருந்து சொட்டும் தெளிந்த, மணமில்லாத நீர் இயல்பானது. நிறமும் வழுவழுப்பும் இனிப்பு வாசமும் இருந்தால் அது கூலன்ற்.

சூடு காட்டும் முள்ளை முழுதாக நம்பவும் கூடாது. பல கார்களில் முள் ஓர் அகன்ற வெப்பநிலை எல்லைக்குள் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அது ஏறத் தொடங்கும்போது நேரம் கடந்திருக்கும். பல சிறிய கார்களில் முள்ளே இல்லை, குளிருக்கு நீலமும் மிகைச் சூட்டுக்குச் சிவப்புமாக விளக்கு மட்டுமே. இன்னும் ஆபத்தானது, தண்ணீர் முற்றாகப் போய்விட்டால் வெப்பத்தை உணரும் கருவி வெறும் வெளியில் நின்று, குறைந்த சூட்டையே காட்டக்கூடும் என்பது.

சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால்

முறிகண்டி வரை இன்னும் கொஞ்சத் தூரம்தானே என்று ஓட்டாதீர்கள். அந்தக் கொஞ்சத் தூரத்தில்தான் ஹெட் நெளிகிறது. ஏசியை நிறுத்துங்கள். காரில் சூடான காற்று வரும் வசதி இருந்தால் அதை முழுதாகத் திறந்துவிடுங்கள். அது எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பகுதியைக் காருக்குள் இழுத்துக்கொள்ளும், பொறுத்துக்கொள்ளலாம். பாதுகாப்பான ஓரத்தில், முடிந்தால் நிழலில் நிறுத்தி, எஞ்சினை அணையுங்கள். பிள்ளைகளை இறக்கி வீதிக்கு அப்பால் நிற்க வையுங்கள். நீராவி சீறுவது நின்ற பிறகே பொனற்றைத் திறக்க வேண்டும். மூடியைத் தொடுவதற்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரமாவது காத்திருங்கள். மேற்குழாயைத் தொட்டால் கை பொறுக்க வேண்டும், அழுத்தினால் விறைப்பில்லாமல் அமுங்க வேண்டும்.

அதன்பின், எஞ்சினை ஓடவிட்டபடி, தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். வாளித் தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டினால், கொதித்த உலோகம் திடீரெனச் சுருங்கி வெடிக்கக்கூடும். எஞ்சினின் வெளிப்புறத்தில் தண்ணீர் அடிப்பதும் அதே தவறு. அந்நேரத்தில் கிடைக்கும் தண்ணீர் கிணற்று நீராகத்தான் இருக்கும்; தயங்காமல் ஊற்றுங்கள், எஞ்சின் வற்றிக் கிடப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். பிறகு மெதுவாக, ஏசி போடாமல், விளக்கைப் பார்த்துக்கொண்டே அருகிலுள்ள கராஜுக்குப் போங்கள். அங்கே தண்ணீர் ஏன் குறைந்தது என்று கேளுங்கள்: குழாயா, மூடியா, பம்பியா, ஹெட் கஸ்கற்றா? அது சரிசெய்யப்பட்ட பிறகு, வழியில் ஊற்றிய கிணற்று நீர் முழுவதையும் வடித்து, உள்ளே அலசி, காற்றுக் குமிழ் தங்காதபடி புதிய கூலன்றை நிரப்பித் தரும்படி சொல்லுங்கள். தேர்மோஸ்ரற்றைக் கழற்றியிருந்தால், புதியது ஒன்றைப் போடாமல் காரை எடுக்காதீர்கள்.